செல்லின் உணவுக் கணக்கு

உடலுக்குள் இருக்கும்வரை ஒரு செல்லுக்குச் சாப்பாட்டுக் கவலை கிடையாது. சர்க்கரையையும் ஆக்சிஜனையும் இரத்தம் வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. கழிவையும் அதுவே வாரிக்கொண்டு போகிறது. மற்றதைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. அதே செல்லைப் பிரித்தெடுத்து ஒரு தட்டில் வைத்தால், இத்தனை உறுப்புகளின் வேலையையும் தட்டில் ஊற்றப்படும் சில மில்லிலிட்டர் திரவமே செய்தாக வேண்டும். அந்தத் திரவத்துக்கு வளர்ப்பு ஊடகம் என்று பெயர். ஆய்வுக்கூடப் பேச்சில் அது ‘மீடியா’. உப்புகள், சர்க்கரை, அமினோ அமிலங்கள், வைட்டமின்கள், தூண்டு புரதங்கள் என்று ஐம்பது அறுபது பொருள்கள் அதில் கலந்திருக்கும். வெப்பநிலை, அமில-கார நிலை, ஆக்சிஜன், கரியமில வாயு, திரவத்தின் ஆழம் ஆகியவையும் சேர்ந்ததுதான் வளர்ப்புச் சூழல். தடுப்பூசியும் ஆன்டிபாடி மருந்துகளும் ஸ்டெம் செல் சிகிச்சையும் இந்தச் சூழலை நம்பியே இருக்கின்றன. அதில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் கைப்பக்குவமாகவே இருந்தது. அது கணக்காக மாறத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான்.

1907இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை உறைந்த நிணநீர்த் துளிக்குள் வைத்து, நரம்பிழை நீள்வதை நுண்ணோக்கியில் பார்த்தார். அப்போது ஊடகம் என்பது உடலிலிருந்தே எடுத்த திரவம். அடுத்த அரை நூற்றாண்டுக்கு நிலைமை பெரிதாக மாறவில்லை: இரத்தப் பிளாஸ்மா, கோழிக் கருச் சாறு, தொப்புள்கொடிச் சீரம் ஆகியவற்றை அவரவர் அனுபவப்படி கலந்தார்கள். 1950களில் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தில் ஹாரி ஈகிள் செய்தது எளிய காரியம். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். கலவையிலிருந்து ஒவ்வொரு பொருளாக நீக்கிவிட்டுச் செல்கள் பிழைக்கின்றனவா என்று பார்த்தார். எதை நீக்கினால் செல்கள் சாகின்றனவோ அது இன்றியமையாதது. இப்படிக் கிடைத்த பட்டியல் 1959இல் ‘குறைந்தபட்சத் தேவை ஊடகம்’ என்று வெளிவந்தது. அதில் 13 அமினோ அமிலங்கள், சில வைட்டமின்கள், உப்புகள், குளுக்கோஸ் ஆகியவை இருந்தன. அதே ஆண்டில் எலிக்கருச் செல்களில் பாலியோமா வைரஸை வளர்ப்பதற்காக ரெனாட்டோ டல்பெக்கோ ஈகிளின் அமினோ அமிலங்களையும் வைட்டமின்களையும் நான்கு மடங்காக்கினார். ஒரு வைரஸுக்காகத் தயாரான அந்தச் சமையல் குறிப்பு இன்று புற்றுநோய்ச் செல் முதல் தசைச் செல் வரை எல்லாவற்றுக்கும் ஊற்றப்படுகிறது. அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் வரும் நேர்மையான பதில் ‘எப்போதும் அதைத்தான் வாங்குகிறோம்’ என்பதே.

இந்த ஊடகங்கள் எதுவும் தனியாகப் போதவில்லை. கருவிலுள்ள கன்றின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கலக்க வேண்டியிருந்தது. அதில் என்னென்ன இருக்கின்றன என்பது முழுமையாகத் தெரியாது. ஒரு தொகுப்பில் இருப்பது அடுத்ததில் அதே அளவில் இருப்பதும் இல்லை. சீரத்தை விலக்கி, எல்லாப் பொருளும் பெயரும் அளவும் தெரிந்த ஊடகத்தை அமைக்க முனைந்தபோதுதான் சிக்கலின் உண்மையான உருவம் தெரிந்தது.

அந்தச் சிக்கல் பொருள்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் உறவில் இருக்கிறது. ரசத்தில் எவ்வளவு உப்பு போடுவது என்பதற்குத் தனியாக விடை கிடையாது; புளி எவ்வளவு கரைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஊடகத்திலும் இப்படித்தான். மனித ஸ்டெம் செல்களுக்கான ஓர் ஊடகத்தை எளிமைப்படுத்த விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சனின் குழு முயன்றது. அதில் அல்புமின் என்ற புரதமும் பீட்டா-மெர்காப்டோஎத்தனால் என்ற வேதிப்பொருளும் இருந்தன. அல்புமினை எடுத்தால் செல்கள் தாங்கவில்லை. ஆகவே அல்புமின் இன்றியமையாதது என்ற முடிவுக்கு யாரும் வந்திருக்கலாம். ஆனால் அல்புமின் இல்லாதபோது மெர்காப்டோஎத்தனால்தான் நஞ்சாகிறது என்பது தெரியவந்தது. இரண்டையும் சேர்த்து நீக்கியபோது செல்கள் நன்றாகவே வளர்ந்தன. 2011இல் வெளியான அந்த ஊடகத்தில் மொத்தம் எட்டே கூறுகள். ஈகிளின் ‘ஒவ்வொன்றாக நீக்கிப் பார்’ முறையில் இந்த ஊடகத்தை ஒருநாளும் எட்டியிருக்க முடியாது.

அப்படியானால் எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்துவிடலாமா? 14 பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று அளவுகள் என்று வைத்துக்கொண்டால் 47,82,969 கலவைகள் வரும். ஆய்வுக்கூடத்தில் வழக்கமான 96 குழித் தட்டில் நிரப்பினால் ஏறக்குறைய 50,000 தட்டுகள். ஒரு கலவைக்கு ஒரு குழி போதாது, குறைந்தது மூன்று வேண்டும் என்பதைச் சேர்த்தால் கணக்கைத் தொடர்வதில் பொருளில்லை.

இதற்கு முதல் விடை உயிரியலிலிருந்து வரவில்லை; வயலிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் உரச் சோதனைகளை அலசிய ரொனால்ட் ஃபிஷர், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதைவிடப் பலவற்றை ஒருசேர மாற்றுவதே சிக்கனம் என்று காட்டினார். சோதனை வடிவமைப்பு பற்றிய அவருடைய நூல் 1935இல் வந்தது. 1946இல் பிளாக்கெட்டும் பர்மனும் கொடுத்த அட்டவணைப்படி 11 பொருள்களை வெறும் 12 சோதனைகளில் சலித்துவிடலாம். முழுச் சேர்க்கையாகச் செய்தால் 2,048 சோதனைகள் ஆகும். இதே 1940களில் இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் அமைத்த செங்குத்து அணிகள் இந்த வகை அட்டவணைகளுக்குப் பொதுவான கணித அடித்தளம் தந்தன. 1951இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. வேதி நிறுவனத்தில் பணியாற்றிய ஜார்ஜ் பாக்ஸும் கே. பி. வில்சனும் அடுத்த படியைக் காட்டினார்கள். விளைச்சலை ஒரு குன்றின் உயரமாகக் கருதி, சில சோதனைகளைக் கொண்டு அந்தக் குன்றின் வடிவத்தை ஓர் இருபடிச் சமன்பாடாக எழுதி, ஏற்றம் எந்தப் பக்கம் என்று பார்த்து நகர்வது அவர்களுடைய முறை. மருந்து நிறுவனங்களில் ஊடகம் அமைப்பவர்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இந்த இரு படிகளுக்கும் குறைகள் உண்டு. சலிக்கும் அட்டவணையில், இரு பொருள்கள் சேர்ந்து செய்வது ஒரு பொருள் தனியாகச் செய்வதுபோலத் தோன்றி ஏமாற்றும். இருபடிச் சமன்பாட்டிலோ 14 பொருள்களுக்கு 120 கெழுக்கள் வேண்டும். அத்தனை சோதனைகள் செய்த பிறகும், நிலப்பரப்பு ஒரே வழவழப்பான குன்று என்ற நம்பிக்கை உடன்வரும். செல்கள் அந்த நம்பிக்கையை மதிப்பதில்லை.

இரண்டாவது வழி வேறு திசையிலிருந்து வந்தது. செல்லுக்குள் நடப்பதையே கணக்காக எழுதிவிட்டால் என்ன? இந்த எண்ணத்தின் வேர் ஒரு மனித உணவுக் கணக்கில் இருக்கிறது. 1945இல் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர், 77 உணவுப் பொருள்களிலிருந்து ஒருவருக்குத் தேவையான ஒன்பது சத்துகளையும் தரும் மிக மலிவான உணவு எது என்று கேட்டார். சரியான தீர்வுமுறை அப்போது இல்லை. சாமர்த்தியமாகத் தேடி, 1939 விலைவாசியில் ஆண்டுக்கு 39.93 டாலர் என்ற விடைக்கு வந்தார்: கோதுமை மாவு, சுண்டக் காய்ச்சிய டப்பாப் பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, காய்ந்த பீன்ஸ். எந்த வீட்டிலும் இதைப் பரிமாறி நல்ல பெயர் வாங்க முடியாது. 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் நேரியல் திட்டமிடலுக்கான சிம்ப்ளக்ஸ் முறையைக் கண்டபோது, அதன் முதல் பெரிய சோதனையாக இந்தக் கணக்கையே எடுத்தார்கள். ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணக்குப் பொறிகளோடு உட்கார்ந்து, 120 ஆள்-நாள் உழைத்து, 39.69 டாலர் என்ற உண்மையான குறைந்தபட்சத்தைக் கண்டார்கள். ஸ்டிக்லரின் ஊகம் வெறும் 24 சென்ட் தவறியிருந்தது.

செல்லின் வளர்சிதை மாற்றத்தைக் கணிக்கும் ‘பாய்வுச் சமநிலைப் பகுப்பாய்வு’ இதே கணிதம்தான். செல்லின் மரபணுத் தொகுதியைப் படித்தால் அது எந்தெந்த நொதிகளைச் செய்யக்கூடும் என்று தெரியும். நொதிகள் தெரிந்தால் அதனுள் நடக்கக்கூடிய வேதிவினைகளின் பட்டியல் கிடைக்கும். ஒவ்வொரு வினைக்கும் வரவும் செலவும் உண்டு. செல்லுக்குள் எந்தப் பொருளும் தேங்கவும் இல்லை, தீரவும் இல்லை என்று கொண்டால் ஆயிரக்கணக்கான வரவு செலவுச் சமன்பாடுகள் உருவாகும். ஊடகத்திலிருந்து எது எவ்வளவு வேகத்தில் உள்ளே வரலாம் என்பது அவற்றின் எல்லை. செல் தன் வளர்ச்சியை இயன்றவரை கூட்டிக்கொள்ளும் என்பது இலக்கு. ஸ்டிக்லர் செலவைக் குறைக்கக் கேட்டார். இங்கே வளர்ச்சியைக் கூட்டக் கேட்கிறோம். மற்றபடி கணக்கு ஒன்றே. அன்று 120 ஆள்-நாள் பிடித்ததைவிடப் பன்மடங்கு பெரிய கணக்கை இன்று ஒரு மடிக்கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும்.

முழு மரபணுத் தொகுதி அளவிலான இத்தகைய முதல் மாதிரி 1999இல் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா பாக்டீரியத்துக்காக அமைந்தது. அமைத்தது சான் டியாகோவில் பெர்ன்ஹார்ட் பால்சனின் குழு. மனித வளர்சிதை மாற்றத்துக்கான ‘ரீகான் 1’ 2007இல் வந்தது. மருந்துத் தொழிலுக்கு இவற்றைவிட முக்கியமானது சீன வெள்ளெலியின் சூலகச் செல்லுக்கான மாதிரி. 1957இல் தியோடர் பக் பிரித்தெடுத்த அந்தச் செல் வம்சத்தில்தான் இன்றைய ஆன்டிபாடி மருந்துகளில் பெரும்பங்கு தயாராகிறது. அந்தச் செல்களில் தயாரான மருந்துகளில் முதலாவதாக, இரத்தக் கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. 1987இல் அனுமதி பெற்றது. அந்தச் செல்லின் மரபணுத் தொகுதி 2011இல் வெளியானது. 1,766 மரபணுக்களைக் கொண்ட வளர்சிதை மாதிரி 2016இல் வந்தது.

இப்படிப்பட்ட மாதிரி ஊடகம் அமைப்பவருக்குச் சொல்வது, எது முதலில் தீரும், எது மிஞ்சிக் கழிவாகும் என்பதை. இந்தச் செல்கள் குளுக்கோஸைக் கண்டால் அளவறியாமல் இழுத்து, முழுதும் எரிக்காமல் லாக்டேட்டாக வெளியே தள்ளும், குளூட்டமினை அம்மோனியாவாக்கும். இரண்டும் சேரச் சேர வளர்ச்சி தடைபடும். ஆக அதிகம் ஊட்டுவது நன்மையல்ல. இரண்டு வாரம் ஓடும் வளர்ப்புத் தொட்டியில் உணவைத் துளித்துளியாகச் சேர்ப்பதன் காரணம் இதுவே. அந்தத் துளியின் அளவை நாளுக்கு நாள் கணக்கிட்டுக் கொடுப்பது மாதிரியின் வேலை. ஃபீனைல்அலனின், லூசின் போன்ற அமினோ அமிலங்கள்கூட மிஞ்சினால் வளர்ச்சியை அடக்கும் துணைப் பொருள்களாக மாறுவது 2017இல் வெளியான ஆய்வில் தெரிந்தது.

ஆனால் வரவு செலவுக் கணக்குக்குத் தெரியாதவையும் உண்டு. டைரோசின் என்ற அமினோ அமிலம் அதிகம் வேண்டும் என்று மாதிரி சொல்லும். ஒரு லிட்டர் நீரில் அரை கிராம் டைரோசின்கூடக் கரையாது என்பது அதற்குத் தெரியாது. இன்சுலின் உணவல்ல, கட்டளை. கட்டளைகள் அந்தச் சமன்பாடுகளில் இல்லை. எந்தப் பொருள் எந்த அளவில் நஞ்சாகும் என்பதும் இல்லை.

மூன்றாவது வழி செல்லுக்குள் நடப்பது தெரியாது என்று ஒப்புக்கொண்டு தொடங்குகிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1950களின் தொடக்கத்தில் டேனி கிரிகே என்ற பொறியாளர் எதிர்கொண்டதும் இதே நிலைதான். பூமிக்கடியில் தங்கம் எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரியாது. துளையிட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் தெரியும். ஒவ்வொரு துளைக்கும் பெருஞ்செலவு. போட்ட துளைகளின் அளவீடுகளிலிருந்து போடாத இடங்களின் மதிப்பை அவர் ஊகித்தார். அருகிலிருக்கும் இடங்கள் ஒத்திருக்கும் என்பது ஆதாரம். பின்னர் இதைக் கணிதமாக்கியவர்கள் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: ஒவ்வொரு ஊகத்தோடும் அது எவ்வளவு நிச்சயமற்றது என்பதும் வரும். துளை போட்ட இடத்தருகே நிச்சயம் அதிகம், தூரப் போகப்போகக் குறையும். புள்ளியியலில் இதற்குக் காஸ் செயல்முறை என்று பெயர்.

ஊடகத்துக்கும் இது அப்படியே பொருந்தும். ஒவ்வொரு கலவையும் ஒரு துளை. சில கலவைகளைச் சோதித்ததும், சோதிக்காத எல்லாக் கலவைகளுக்கும் கணினி ஓர் ஊகமும் ஓர் ஐயமும் எழுதிக்கொள்கிறது. அடுத்து எதைச் சோதிப்பது? ஊகம் உயர்வாக இருக்கும் இடத்தை மட்டுமே தோண்டினால் பழைய இடத்தைச் சுற்றியே நிற்க வேண்டியதுதான். ஐயம் அதிகமுள்ள இடத்தை மட்டுமே தோண்டினால் அலைச்சல்தான் மிஞ்சும். இரண்டையும் எடைபோட்டுத் தேர்ந்து, முடிவைச் சேர்த்து, மீண்டும் கணிப்பது பேயஸ் வழி உகப்பாக்கம் எனப்படுகிறது.

கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட இறைச்சியை மனதில் வைத்துச் செய்த ஆய்வு (2022) இதற்கு நல்ல சான்று. எலித் தசைச் செல்கள், 14 பொருள்கள். கிடைத்த ஊடகத்தில், ஏறக்குறைய அதே விலையுள்ள வழக்கமான ஊடகத்தைவிட 181 சதவீதம் கூடுதல் செல்கள் வளர்ந்தன. நல்ல சோதனை வடிவமைப்பு முறையோடு ஒப்பிட்டால் 38 சதவீதம் குறைந்த சோதனைகளே தேவைப்பட்டன. இந்த எண்களைவிட அவர்கள் அளவீட்டைக் கையாண்ட விதம் கவனிக்கத்தக்கது. செல்களை எண்ணும் நம்பகமான வழி, சாயமேற்றி நுண்ணோக்கியில் எண்ணுவது, அதற்கு நேரமாகும். எளிய வழி ஆலமார்ப்ளூ போன்ற நிறமாறிச் சாயம்: நீலம் இளஞ்சிவப்பாவதை ஒரு கருவி நொடியில் படித்துவிடும். ஆனால் அந்த நிறமாற்றம் காட்டுவது செல்களின் எண்ணிக்கையை அல்ல, அவற்றின் வளர்சிதை வேகத்தை. அதை மட்டும் இலக்காகக் கொடுத்தால், செல்களைப் பெருக்காமல் பரபரப்பாக மட்டும் வைத்திருக்கும் கலவையைக் கணினி பெருமையோடு கொண்டுவந்து நீட்டும். ஆகவே அக்குழு மலிவான அளவீடுகளையும் விலையுயர்ந்த அளவீட்டையும் கலந்து, எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கணினியே கற்கும்படி செய்தது.

கலவைக்கு அப்பால் கையசைவுக்கும் இந்த முறை நீண்டிருக்கிறது. ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில், ஸ்டெம் செல்களிலிருந்து விழித்திரை நிறமிச் செல்களை உருவாக்கும் வேலையை மஹோலோ என்ற இரு கை ரோபோவிடம் கொடுத்தார்கள். 2014இல் இத்தகைய செல்களை முதன்முதலில் ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தியது கோபே நகரில் மசாயோ தகஹாஷியின் குழு. தேர்ந்த கையில்லாமல் அவை சரியாக வளராது என்பது பெயர்பெற்ற தொல்லை. வேதிப்பொருளின் செறிவு, அதைக் கொடுக்கும் நாள்கள், செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் நேரம், உறிஞ்சுகுழாயால் அலசும் வலிமை என ஏழு கூறுகளைக் கணினி மாற்றியது. சேர்க்கைகள் சுமார் 20 கோடி. ரோபோ 111 நாள்களில் 143 நிலைமைகளைச் சோதித்தது. நிறமி ஏறும் அளவு தொடக்க நிலையைவிட 88 சதவீதம் உயர்ந்தது. ‘மெதுவாக அலசு’ என்று குரு சீடனுக்குச் சொல்லும் சொல் அங்கே ஓர் எண்ணாகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் இயந்திரக் கற்றல் வேண்டியதில்லை. சில கேள்விகளுக்குப் பள்ளி இயற்பியலே போதும். தட்டின் அடியில் ஒட்டியிருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் மேற்பரப்பிலிருந்து ஊடகத்தின் வழியே ஊடுருவித்தான் இறங்க வேண்டும். 37 டிகிரியில் ஊடகத்தில் கரையும் ஆக்சிஜன் சுமார் 0.2 மில்லிமோலார். 2 மில்லிமீட்டர் ஆழமிருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விநாடிக்குச் சுமார் 30 பிகோமோலுக்கு மேல் இறங்க வழியில்லை. அதே பரப்பில் நெருக்கமாக அமர்ந்த ஒரு லட்சம் கல்லீரல் செல்கள் கேட்பது இந்த அளவு, அல்லது அதற்கும் மேல். இன்குபேட்டருக்குள் காற்று நிறைய இருந்தும் அடியில் செல்கள் மூச்சுத் திணறுகின்றன. ஊடகத்தை இரண்டு மடங்கு ஊற்றினால் உணவு இரட்டிக்கும், ஆக்சிஜன் பாதியாகும். இதை ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்க்காமல் எத்தனையோ மாதங்கள் வீணாகியிருக்கின்றன.

தட்டில் வென்ற கலவை பத்தாயிரம் லிட்டர் பயோரியாக்டரிலும் வெல்லும் என்பதற்கும் உறுதியில்லை. அங்கே உணவு ஊற்றும் இடத்தில் செறிவு அதிகம், அடியில் குறைவு. கரியமில வாயு வெளியேறத் திணறும். வாயுக் குமிழ்கள் மேலே வந்து உடையும் விசை செல்களைக் கிழிக்கும். பாய்ம இயக்கச் சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்து, கலக்கியின் வேகத்தையும் குமிழின் அளவையும் முன்கூட்டியே தேர்வது இப்போது தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது.

இத்தனை முறைகளிலும் இலக்கைச் சொல்வது மனிதர். இதுவரை பெரும்பாலும் சொல்லப்பட்ட இலக்கு, செல்கள் வேகமாகப் பெருக வேண்டும் என்பது. மருந்து உற்பத்திக்கு அது ஓரளவு பொருந்தும். நோயை ஆராய்வதற்கு? டல்பெக்கோ ஊடகத்தின் பரவலான வடிவில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டின் கணக்கில் அது 450. அந்த எண்ணோடு வருபவரை மருத்துவர் வீட்டுக்கு அனுப்பமாட்டார். புற்றுநோய்ச் செல்கள் பல பத்தாண்டுகளாக இந்தச் சர்க்கரைப் பாகில்தான் ஆராயப்பட்டு வந்தன. 2017இல் அமெரிக்காவின் வைட்ஹெட் கழகத்தில் ஜேசன் கேன்டரும் டேவிட் சபாடினியும் இலக்கை மாற்றினார்கள்: எது வேகமாக வளர்க்கும் என்று தேடாமல், மனித இரத்தப் பிளாஸ்மாவில் இருக்கும் அளவுகளிலேயே அறுபதுக்கும் மேற்பட்ட பொருள்களைக் கலந்து ஓர் ஊடகம் அமைத்தார்கள். வழக்கமான ஊடகங்களில் இல்லாத ஒன்று அதில் இருந்தது: யூரிக் அமிலம். எலியைவிட மனித இரத்தத்தில் அது பன்மடங்கு அதிகம். மூட்டுவலிக்காரர்களுக்கு அறிமுகமான பெயர். செல் தன் டி.என்.ஏ.வுக்கான பிரிமிடின்களைத் தானே செய்துகொள்ளும் பாதையில் ஒரு நொதியை அது தடுப்பதாகத் தெரிந்தது. குடல் புற்றுநோய்க்குப் பரவலாகத் தரப்படும் 5-ஃபுளூரோயுராசில் மருந்தின் வேலையும் அதே பாதையைச் சார்ந்தது. யூரிக் அமிலம் இருந்த ஊடகத்தில் அந்த மருந்து செல்களைக் கொல்லும் திறன் குறைந்தது.